வயதான நாயின் மண்ணீரலில் கட்டி: ஆபரேஷன் செய்வதா, விடுவதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கருப்பனுக்கு மண்ணீரலை எடுத்த நாளிலிருந்து, பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கம் நாயோடு நடக்க வருகிறவர்களிடம் இந்தப் பேச்சு வந்தால் என் நம்பரைக் கொடுத்துவிடுகிறார்கள். ஃப்ரேசர் டவுன், மர்ஃபி டவுன், ஒருமுறை ஒயிட்ஃபீல்டிலிருந்துகூட அழைப்பு வந்தது. பெரும்பாலும் ராத்திரி பத்துக்கு மேல், அழுது முடித்த குரலில். ஆளுக்கு ஆள் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, வங்கியில் வேலை பார்ப்பவள். கருப்பன் 11 வயது லாப்ரடார் கலப்பு, 31 கிலோ. என் மாமியார் கணக்கில் அவருக்கு மூன்றாவது பிள்ளை.

ஸ்கேனில் மண்ணீரலில் கட்டி என்று வந்திருக்கிறது. புற்றுநோய்தானா?

ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'மாஸ்' என்று எழுதியிருப்பார்கள். கட்டி இருக்கிறது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. ரத்தம் தேங்கிக் கட்டிக்கொண்ட ஹீமடோமாவாக இருக்கலாம். வயதான நாய்களுக்குச் சாதாரணமாக வருகிற முடிச்சாக இருக்கலாம். ரத்தக் குழாய்ச் சுவரில் தொடங்கும் ஹீமாஞ்சியோசார்க்கோமா என்ற பொல்லாத புற்றாகவும் இருக்கலாம். மூன்றும் ஸ்கேன் திரையில் ஒரே மாதிரி கறுப்பும் சாம்பலுமாகத்தான் தெரியும்.

கால்நடை மருத்துவத்தில் பழைய கணக்கு ஒன்று உண்டு: மண்ணீரல் கட்டிகளில் மூன்றில் இரண்டு புற்று, அந்தப் புற்றுகளில் மூன்றில் இரண்டு ஹீமாஞ்சியோசார்க்கோமா. ஆனால் இந்தக் கணக்கை உங்கள் நாய்க்கு அப்படியே போட்டுப் பார்க்காதீர்கள். கட்டி உடைந்து வயிற்றுக்குள் ரத்தம் கசிந்த பிறகு வருகிற நாய்களில் புற்று அதிகம். வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கப்போய், உடையாத கட்டி தற்செயலாகக் கண்ணில் பட்டால் நிலைமை தலைகீழ். அப்படிப்பட்ட நாய்களை மட்டும் பார்த்த ஓர் ஆய்வில் பத்துக்கு ஏழு சாதாரணக் கட்டி. ஆகவே முதலில் கேட்க வேண்டியது, உங்களுடையது எந்த வகை: மயங்கி விழுந்து தெரிந்ததா, தற்செயலாகத் தெரிந்ததா?

கட்டியின் அளவை வைத்துப் பயப்படாதீர்கள். சாதாரணக் கட்டிகள்தான் பல நேரம் தேங்காய் அளவுக்கு வளர்ந்து நிற்கும். எலுமிச்சை அளவில் இருப்பது பொல்லாததாகவும் இருக்கும்.

ஊசி வைத்துக் கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட் பண்ணிவிட்டு முடிவு செய்யக்கூடாதா?

எல்லாரும் கேட்பது இது. நானும் கேட்டேன். மார்பில், தோலில் வருகிற கட்டிக்குச் செய்வது போல இதற்குப் பெரும்பாலான டாக்டர்கள் செய்ய மாட்டார்கள். மண்ணீரல் என்பது ரத்தம் ஊறிய பஞ்சு. குத்தினால் கசியும், கட்டி உடையவும் கூடும். வருவதும் பெரும்பாலும் வெறும் ரத்தம். அதை வைத்துப் புற்று இல்லை என்று யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். முழு மண்ணீரலையும் வெளியே எடுத்து, லேபில் பல இடங்களில் வெட்டிப் பார்த்தால்தான் பெயர் தெரியும்.

அப்படியானால் புற்றா இல்லையா என்று தெரியாமலேயே ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வேண்டுமா?

ஆமாம். இதில் உள்ள சங்கடமே அதுதான். முடிவை முதலில் எடுக்க வேண்டும், விவரம் பத்து நாள் கழித்து வரும். 'புற்று இல்லையென்றால் செய்கிறோம், புற்று என்றால் வேண்டாம்' என்கிற வழியே கிடையாது.

நாங்கள் நான்கு நாள் இதில் சுற்றிச் சுற்றி வந்தோம். கடைசியில் கேள்வியை மாற்றிப் போட்டது என் மாமியார். சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டே, "கெட்டதுன்னே வெச்சுக்கோ. அப்பவும் ரெண்டு மாசம் அவன் வலியில்லாம வாசல்ல படுத்திருந்தா, இந்தக் காசும் கஷ்டமும் உனக்குச் சரின்னு படுதா?" என்றார். படுகிறது என்று எனக்குத் தோன்றியது. என் கணவருக்கு ஒரு நாள் கழித்துத் தோன்றியது. அதற்குப் பிறகு ரிப்போர்ட் எப்படி வந்தாலும் 'ஏன்டா செய்தோம்' என்று நினைக்க வேண்டியிருக்கவில்லை. உங்கள் பதில் 'இல்லை' என்று வந்தாலும் அதுவும் பதில்தான். வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து, கட்டி உடைவதற்கு முன்னால், பகல் வெளிச்சத்தில் பேசி முடிவெடுங்கள். ராத்திரி ஒன்றரைக்கு எமர்ஜென்சி வாசலில் எடுக்கிற முடிவு உங்களுடையதாக இருக்காது.

நேற்று பொத்தென்று விழுந்தது, இன்று சாப்பிட்டு வாலாட்டுகிறது. இன்னும் அவசரமா?

அவசரம். நாங்கள் ஏமாந்த இடம் இது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியில் ஏறும்போது கருப்பனின் பின்னங்கால் துவண்டது. படுத்தான், மூச்சு வேகமாக இருந்தது, வயிறு கொஞ்சம் உப்பினாற்போல் இருந்தது. பக்கத்துக் கிளினிக் ஒன்றில் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு காஸ் என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். மறுநாள் காலை தயிர்சாதத்தை வழித்துச் சாப்பிட்டான். ஊசி வேலை செய்துவிட்டது என்று நாங்களும் நிம்மதியானோம். உண்மையில் நடந்தது வேறு: கட்டி லேசாகக் கசிந்து நின்றிருக்கிறது, வயிற்றுக்குள் கொட்டிய ரத்தத்தை உடம்பே ஒரு நாளில் திரும்ப உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. 12 நாள் கழித்து மறுபடி விழுந்தான். அப்போது வேறு இடத்தில் ஸ்கேன் எடுத்தபோதுதான் கட்டி தெரிந்தது.

வீட்டிலேயே பார்க்கக்கூடியது ஈறு. மேலுதட்டைத் தூக்கிக் கோரைப்பல்லுக்கு மேலே ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழைய ரோஸ் நிறத்துக்கு வர வேண்டும். வரத் தாமதித்தாலோ, அழுத்தாமலேயே உரித்த மரவள்ளிக்கிழங்கு போல வெளிறியிருந்தாலோ, கிளம்புங்கள். கருப்பனைப் போன்ற கறுப்பு நாய்கள் பலவற்றுக்கு ஈறும் கறுத்திருக்கும். அதற்கு, கீழ் இமையை மெல்ல இழுத்து உள்பக்கத்தைப் பாருங்கள். நன்றாக இருக்கும் நாளில் ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டால்தான் கெட்ட நாளில் வித்தியாசம் தெரியும். 31 கிலோ நாயின் உடம்பில் மொத்தமே இரண்டரை லிட்டர் சொச்சம் ரத்தம்தான்.

இன்னொன்று: பாரசிட்டமால், புரூஃபன், டைக்ளோஃபெனாக் என்று நம் டப்பாவில் இருக்கும் எதையும் கொடுக்காதீர்கள். மூட்டுவலிக்கு ஏற்கெனவே மாத்திரை போய்க்கொண்டிருந்தால் டாக்டரிடம் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

இந்த வயதில் மயக்க மருந்து தாங்குமா?

டாக்டர்கள் வயதைவிட இதயத்தையும் கிட்னியையும்தான் பார்க்கிறார்கள். 13 வயதில் எல்லாம் ஒழுங்காக இருக்கிற நாய் தாங்கும், 9 வயதில் கிட்னி போன நாய் தாங்காது. ஆபத்து இல்லை என்று சொல்ல மாட்டேன். மண்ணீரல் கட்டிக்காக ஆபரேஷன் ஆன நாய்களை வைத்து வெளிநாட்டில் செய்த ஒரு பெரிய ஆய்வில் நூற்றுக்கு ஏழெட்டு நாய்கள் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வரவில்லை. உடைந்து, ரத்தம் வெகுவாக இழந்து போகிறவற்றுக்கு ஆபத்து இன்னும் கூடும்.

ஆபரேஷனுக்கு முன் என்ன டெஸ்ட் எல்லாம் அவசியம்?

ரத்தப் பரிசோதனை, தட்டணுக்கள், ரத்தம் உறைகிறதா என்பது, கிட்னி, கல்லீரல், மூன்று கோணத்தில் நெஞ்சு எக்ஸ்ரே, முடிந்தால் இதய எக்கோ. எக்கோ எதற்கு என்றால், ஹீமாஞ்சியோசார்க்கோமா இதயத்தின் வலது மேலறையிலும் உட்காரும் பழக்கமுள்ளது. அங்கேயும் இருக்கிறது என்று தெரிந்தால் வயிற்றைத் திறப்பதில் அர்த்தமில்லை.

நம் ஊருக்கென்று ஒரு டெஸ்ட் உண்டு, அதை நீங்களே கேட்டு வாங்குங்கள்: உண்ணிக் காய்ச்சல். எர்லிக்கியாவும் பபீசியாவும் பெங்களூர் நாய்களிடம் சர்வசாதாரணம். இரண்டுமே மண்ணீரலை வீங்க வைக்கும், தட்டணுவைக் குறைக்கும். தட்டணு குறைந்த நாயை மேஜையில் ஏற்றினால் ரத்தம் நிற்காது. அதோடு, உடம்பில் பதுங்கியிருக்கிற பபீசியா மண்ணீரல் போன பிறகு தலைதூக்கும்.

கல்லீரலிலும் சின்ன முடிச்சுகள் என்று ஸ்கேனில் எழுதியிருந்தால் உடனே பரவிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். கிழ நாய்களின் கல்லீரலில் ஒன்றும் செய்யாத முடிச்சுகள் நிறைய இருக்கும். திறக்கும்போது அதிலும் ஒரு துண்டு எடுத்து அனுப்பச் சொல்லலாம்.

சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும்?

நீங்கள் கேட்பதைவிட டாக்டர் உங்களைக் கேட்கிற ஒரு கேள்விக்குத் தயாராக இருங்கள். எங்கள் சர்ஜன் கன்னடத்தில் பேசுவார், என் மாமியார் தமிழில் பதில் சொல்வார், இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இருந்ததில்லை. ஆபரேஷன் அன்று காலை, அவர் தமிழையும் கன்னடத்தையும் கலந்து மெதுவாகக் கேட்டார்: "நோடி அம்மா, உள்ளே திறந்து பார்க்கும்போது எல்லா இடத்திலும் பரவியிருந்தா, எழுப்பட்டுமா, எழுப்ப வேண்டாமா?" மயக்கத்திலேயே அனுப்பிவிடலாமா என்பதுதான் கேள்வி. மாமியார் புடவைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். நான்தான் சொன்னேன்: அப்படி இருந்தால் எழுப்ப வேண்டாம், ஆனால் மூடுவதற்கு முன் எனக்குப் போன் செய்யுங்கள். அந்தப் போன் வரவில்லை. ஒன்றேகால் மணி நேரம், என் வாழ்க்கையில் போன் அடிக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான்.

நீங்கள் கேட்க வேண்டியவை: ராத்திரி யார் கூட இருப்பார்கள்? ஆபரேஷன் ஆன இரண்டு நாளுக்கு இதயத்துடிப்பு தாறுமாறாவது இதில் வழக்கம், அதனால் இசிஜி பார்க்கிற ஆள் ராத்திரியும் இருக்க வேண்டும். பூட்டிவிட்டுக் காலையில் திறக்கிற இடம் இதற்கு ஆகாது. ரத்தம் கைவசம் இருக்கிறதா? எடுத்ததை முழுசாக லேபுக்கு அனுப்புவீர்களா? பெரிய, நெஞ்சு ஆழமான நாயாக இருந்தால் இரைப்பை முறுக்கிக்கொள்ளாமல் இருக்க அதே மயக்கத்தில் ஒரு தையல் போட்டுவிடலாமா என்றும் கேளுங்கள்.

ரத்தம் வேண்டும் என்றால்?

நாய்க்கு நாய் ரத்தம்தான். முதல் தடவை ஏற்றும்போது பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும், ஆனாலும் பொருத்தம் பார்ப்பது நல்லது. கொடுக்கிற நாய் 25 கிலோவுக்கு மேல், ஒன்று முதல் எட்டு வயதுக்குள், தடுப்பூசி எல்லாம் போட்டதாக, உண்ணிக் காய்ச்சல் இல்லாததாக இருக்க வேண்டும். கருப்பனுக்குக் கொடுத்தது எதிர்த்த வீட்டு ஜெர்மன் ஷெப்பர்டு. அதுவரை இரண்டும் கேட்டுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் நின்று ஆறு வருஷமாகச் சண்டை.

எவ்வளவு செலவாகும்?

எங்களுக்கு டெஸ்ட், ரத்தம், ஆபரேஷன், இரண்டு ராத்திரி, லேப் எல்லாம் சேர்த்து 78,000 ரூபாய் ஆனது, தனியார் இடத்தில். இடத்துக்கு இடம் இது பாதியாகவும் இரட்டையாகவும் இருக்கும். எழுத்தில் எஸ்டிமேட் வாங்குங்கள். ரத்தமும் ராத்திரித் தங்கலும் லேபும் அதில் சேர்ந்ததா என்று விரல் வைத்துக் கேளுங்கள். ஹெப்பாளில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் செலவு மிகவும் குறைவு, படித்த ஆட்கள் நிறைய. ஆனால் காலையிலேயே போய் வரிசையில் உட்கார வேண்டும். உடையாத கட்டி, ஒரு வாரம் பொறுக்கலாம் என்று டாக்டர் சொன்னால் அங்கே போய்ப் பார்ப்பது நல்ல யோசனை. கடன் வாங்கித்தான் செய்ய வேண்டும் என்றால் செய்யாதீர்கள் என்பது என் கருத்து. வங்கிக்காரி சொல்கிறேன்.

மண்ணீரல் இல்லாமல் நாய் வாழுமா?

வாழும். அதன் வேலைகளைக் கல்லீரலும் எலும்பு மஜ்ஜையும் பங்கிட்டுக்கொள்ளும். உண்ணி மருந்தை மட்டும் ஒரு மாதம்கூட விடக்கூடாது.

வீட்டுக்கு வந்த பிறகு?

முதல் மூன்று நாள் கஷ்டம், பிறகு நாயைவிட நமக்குத்தான் கஷ்டம். மார்புக்குக் கீழே தொடங்கித் தொப்புளையும் தாண்டி நீளமாகத் தையல் இருக்கும். 10 முதல் 14 நாள் வரை தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் கோன், படி ஏறக்கூடாது, சோபாவில் தாவக்கூடாது, சிறுநீருக்கு மட்டும் கயிற்றில் வெளியே. வழுக்குகிற டைல்ஸ் தரையில் பழைய பாய் விரியுங்கள். கருப்பன் கோனோடு கதவு நிலை ஒவ்வொன்றிலும் இடித்து, பூஜை அறை விளக்கைச் சாய்த்து, ஒரு வாரத்தில் வீட்டையே அளந்துவிட்டான். தையல் ஓரம் லேசாகச் சிவப்பது வழக்கம். கசிந்தாலும், ஈறு வெளுத்தாலும், முழு நாள் சாப்பிடாவிட்டாலும் கூப்பிடுங்கள்.

ரிப்போர்ட்டில் ஹீமாஞ்சியோசார்க்கோமா என்று வந்துவிட்டது. எவ்வளவு நாள்?

சாதாரணக் கட்டி என்றால் ஆபரேஷனோடு கதை முடிந்தது, கொண்டாடுங்கள். இது என்றால், ஆபரேஷன் மட்டும் செய்த நாய்களுக்குப் பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று மாதம். டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்தும் கொடுத்தால் நான்கிலிருந்து ஆறு மாதம். ஒரு வருஷத்தைத் தாண்டுவது பத்தில் ஒன்றுகூடக் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத அளவில் ஏற்கெனவே பரவியிருக்கும், அதனால்தான் மண்ணீரலை எடுத்தும் திரும்ப வருகிறது.

கீமோ என்றதும் மனிதர்களுக்கு ஆவதை நினைத்துப் பயப்படுகிறார்கள். நாய்களுக்கு மருந்தின் அளவு குறைவு. நோக்கம் குணமாக்குவதல்ல, நல்ல நாட்களைக் கூட்டுவது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு ட்ரிப், நான்கிலிருந்து ஆறு தடவை. பெரும்பாலான நாய்களுக்கு ஒன்றிரண்டு நாள் வாந்தி, பேதி, பசியின்மை, அவ்வளவுதான்; முடி கொட்டுவது குறைவு. மருந்து இதயத்தைப் பாதிக்கும் என்பதால் இடையில் எக்கோ பார்ப்பார்கள்.

கருப்பனுக்கு வந்தது இந்த ரிப்போர்ட்தான். மூன்று ட்ரிப் போட்டோம். மூன்றாவதற்குப் பிறகு காரில் ஏறமாட்டேன் என்று சக்கரத்தடியில் படுத்துவிட்டான், நிறுத்திவிட்டோம். ஆபரேஷனிலிருந்து எண்ணினால் ஐந்து மாதமும் ஆறு நாளும் இருந்தான். அதில் கடைசி நான்கு நாளைக் கழித்துவிட்டால், எல்லாம் வாசலில் படுத்துப் பால்காரரை உறுமுகிற நாட்கள்.

மஞ்சள், சீன மூலிகை மருந்து என்று இணையத்தில் சொல்கிறார்களே?

யுன்னான் பையாவோ என்ற சீனப் பொடியை ரத்தக் கசிவுக்குச் சில டாக்டர்களே தருகிறார்கள். ஆயுளைக் கூட்டும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. மஞ்சள் சோற்றில் ஒரு சிட்டிகை பரவாயில்லை. மாத்திரையாக அடர்த்தியாகக் கொடுத்தால் ரத்தம் உறைவதைக் குறைக்கக்கூடும், ஆபரேஷனுக்கு முன் வேண்டாம். கட்டியைக் கரைக்கும் சொட்டு மருந்துக்கு நான் ஒரு ரூபாய்கூடத் தரமாட்டேன்.

வேண்டாம் என்று விட்டால் பாவமா?

மர்ஃபி டவுனில் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா வீட்டு ஸ்பிட்ஸுக்கு 14 வயது. இதய வால்வு கசிவு, நுரையீரலில் நீர் கோத்து மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்தது. மண்ணீரலில் கட்டி என்று வந்ததும் அக்கா அன்றைக்கே சொல்லிவிட்டார், வெட்ட வேண்டாம் என்று. மாடியில் இருந்த படுக்கையைக் கீழே கொண்டுவந்தார். துள்ளி விளையாட விடவில்லை. ராத்திரியும் எடுக்கிற டாக்டர் நம்பர் ஒன்று, நாயை ஏற்றிக்கொள்ளச் சம்மதிக்கிற ஆட்டோக்காரர் நம்பர் ஒன்று, இரண்டையும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தார். ஏழு வாரம் கழித்து ஒரு விடியற்காலை தேவைப்பட்டது. இருபது நிமிஷத்தில், வலியில்லாமல் அனுப்பிவைக்கிற ஊசி போட்டாகிவிட்டது. ஆபரேஷன் செய்த பலரைவிட அவர் ஒழுங்காகச் செய்தார்.

வேண்டாம் என்று முடிவெடுப்பது வேறு, முடிவே எடுக்காமல் தள்ளிப்போடுவது வேறு. இரண்டாவதில் நாய் வயிற்றுக்குள் ரத்தம் கொட்டி, மூச்சு முட்டி, சில்க் போர்டு சிக்னலில் காருக்குள் போகும். அதை ஒருவர் எனக்குப் போனில் சொல்லியிருக்கிறார்.

ஊசிக்கு நேரம் வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

ஈறு வெளுத்து, எழுந்து நிற்க முடியாமல், நீட்டுகிற கைக்குத் தலையைத் திருப்பாவிட்டால் அன்றைக்கே. அடிக்கடி கசிந்து தேறுகிற நாய்க்கு, ஒரு நல்ல நாளிலேயே டாக்டரை வீட்டுக்கு வரச் சொல்வதில் தவறில்லை. புதைக்க இடம் இல்லாதவர்களுக்குக் கெங்கேரியில் செல்லப்பிராணிகளுக்கான இடுகாடு இருக்கிறது. போவதற்கு முன் போன் செய்துவிட்டுப் போங்கள்.

வீட்டில் இன்னொரு நாய் இருக்கிறது. ஒட்டிக்கொள்ளுமா?

ஒட்டாது. ஜெர்மன் ஷெப்பர்டு, கோல்டன் ரெட்ரீவர், லாப்ரடார் வகைகளில் அதிகம் பார்க்கிறார்கள், தெருநாய்க்கும் வரும். எட்டு வயதுக்கு மேல் வருஷம் ஒரு தடவை வயிற்று ஸ்கேன் எடுத்துவிடுங்கள், உடைவதற்கு முன் தெரிந்தால் யோசிக்க நாள் கிடைக்கும். கருப்பன் இருந்தபோதே வாசலில் வந்து ஒட்டிக்கொண்ட பழுப்பு நாய் ஒன்று இப்போது எங்கள் வீட்டில். வயது ஏழரை இருக்கும் என்கிறார் டாக்டர். தை பிறந்ததும் ஸ்கேனுக்கு நாள் வாங்கியிருக்கிறேன். வயிற்று முடியை மழிக்க விடுவாளா என்பதுதான் சந்தேகம்.